எரிமலைச் சரிவும் மார்ஜின் பணமும்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருத்தன் வாட்ஸப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பிவிட்டு, "மாப்ளே, மே மாசம் குடும்பத்தோட பாலி போறோம். நீ ஏற்கெனவே போனவன்தானே, இது எப்படி? புக் பண்ணலாமா?" என்று கேட்டிருந்தான். விளம்பரத்தில் ஒரு எரிமலை. அதற்குக் கீழே பச்சைப் பசேலென்று வயல். நடுவில் ஹெல்மெட் மாட்டிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சிரித்துக்கொண்டே சைக்கிளில் இறங்குகிறது. கீழே கொட்டை எழுத்தில்: மிதிக்கவே வேண்டாம்! முழுக்க முழுக்க இறக்கம்!

"வேண்டாம்டா" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். உடனே ஏன் என்று கேட்பான். அந்த ஏனுக்குப் பதில் கட்டை விரலால் தட்டி முடிகிற சமாச்சாரம் இல்லை. என் வீட்டுத் தங்கமணியின் காறை எலும்பும், ஒரு இன்சூரன்ஸ் பாலிசியும், எல்லாவற்றுக்கும் மேலாக என் இருபத்து மூன்று வருஷ வங்கி உத்தியோகத்தின் மானமும் அதில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். அவனும் படிக்கட்டும், லீவுக்கு எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும் நீங்களும் படியுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் விருதுநகர். பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, மாற்றல் மேல் மாற்றலாகி இப்போது ஏழு வருஷமாகப் புனே வாசம். கடன் பிரிவில் வேலை. சைக்கிள் அனுபவம் என்று கேட்டால், மணிக்கு ஒரு ரூபாய் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன். தங்கமணிக்கு மாயவரம். பள்ளிக்கூடத்துக்கு பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் சைக்கிளில் போனவள். மாயவரத்தில் அதிகபட்ச ஏற்றம் என்பது வாய்க்கால் பாலம்தான். இந்த இரண்டு ஜாம்பவான்களும்தான் 2023 மே மாதம் பாலியில் ஒரு எரிமலையிலிருந்து சைக்கிளில் இறங்கப் போனோம் :-)

எரிமலையின் பெயர் பாத்தூர். 1,717 மீட்டர் உயரம். கடைசியாகச் சீறியது 2000-ஆம் ஆண்டில். இதன் விசேஷம் என்னவென்றால், இது ஒரு பெரிய பள்ளத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கிற மலை. சுமார் 29,000 வருஷங்களுக்கு முன்னால் அங்கே இருந்த மாபெரும் எரிமலை வெடித்து உள்வாங்கியதில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளம், 10 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அதற்குள் ஒரு ஏரி, ஏரிக்குப் பக்கத்தில் இப்போதைய பாத்தூர். பள்ளத்தின் விளிம்பில் கிந்தாமணி என்ற ஊர். (பெயரைக் கேட்டதும் சிந்தாமணி என்றுதான் தங்கமணிக்குக் காதில் விழுந்தது.) விளிம்பில் நின்று பார்த்தால் எதிரே மலைமேல் கறுப்பு மசியைக் கொட்டியது மாதிரி பழைய லாவா வழிந்து கிடக்கிறது.

அந்த ஊர்க்காரர்களுக்கு மலையோடு இருக்கும் உறவு லேசுப்பட்டதல்ல. 1917-ல் வெடித்தபோது ஆயிரம் பேர் வரை செத்துப்போனார்கள். லாவா கோயில் வாசல் வரை வந்து நின்றுவிட்டதாம். கோயில் தப்பியதே என்று அங்கேயே இருந்தார்கள். 1926-ல் மறுபடி வெடித்து ஊரையே மூடிவிட்டது. அதன்பிறகுதான் ஊரும் கோயிலும் மேலே விளிம்புக்குக் குடியேறின. ஏரியில் இருக்கும் தேவிதான் வயல்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பவள் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். இதையெல்லாம் நான் திரும்பி வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காலைச் சாப்பாடு பாக்கேஜில் சேர்த்தி.

வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விளிம்பில் விட்டார்கள். சாப்பிட்டோம். வாழைப்பழ அப்பம் நன்றாக இருந்தது. ஆளுக்கொரு காகிதம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். தங்கமணியும் நான் கை காட்டிய இடத்தில் போட்டாள். பிறகு ஹெல்மெட், சைக்கிள், இரண்டு நிமிஷம் "இது பிரேக், இது கியர்" பாடம். கிளம்பியாச்சு. மொத்தம் சுமார் 25 கிலோமீட்டர். உபூது பக்கம் வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம்.

முதல் பத்துக் கிலோமீட்டர் சொர்க்கம். பொய் சொல்ல மாட்டேன். ஆரஞ்சுத் தோட்டம், மூங்கில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பூ வைத்த ஓலைத்தட்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள் கையை நீட்டி எங்கள் கையைத் தட்டுவது, எல்லாம் விளம்பரத்தில் இருந்தபடியே. பையன் முன்னால் பறந்துவிட்டான். நான் நடுவில். தங்கமணி கடைசியில், அவளுக்குப் பின்னால் ஒரு வழிகாட்டிப் பையன்.

பதினான்காவது கிலோமீட்டர் வாக்கில் ஒரு வளைவு. மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த கறுப்புப் பொடிக்கல் ரோட்டில் விசிறிக் கிடந்தது. தங்கமணி கிளம்பினதிலிருந்து விடாமல் பிரேக்கைப் பிடித்தபடியே வந்திருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போய், அழுத்தினால் அழுந்தாத நிலை. வளைவைக் கண்ட பதற்றத்தில் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து முன்பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்துவிட்டாள். பொடிக்கல்லில் முன்சக்கரம் வழுக்கி, தோள் தரையில் மோதியது. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, கையைத் தூக்க முடியலைங்க" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காறை எலும்பு முறிவு. எக்ஸ்ரே, டாக்டர், தூளி எல்லாம் சேர்த்து நம் பணத்தில் 38,000 ரூபாய் சொச்சம். ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டபடி இருந்தாள். ஊருக்கு வந்து பயண இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டேன். சாகச விளையாட்டு, பாலிசியில் சேராது என்று பதில் வந்தது. பாலிசியை எடுத்துப் பார்த்தேன். போட்டிருக்கிறது, தெளிவாகவே போட்டிருக்கிறது. சைக்கிள் கம்பெனியின் காகிதத்தின் நகலையும் படித்தேன். என் உடல்நிலைக்கும் சைக்கிள் ஓட்டும் திறமைக்கும் நானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தினம் பத்துப் பேரிடம் "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன், வாழைப்பழ அப்பத்தை மென்றுகொண்டே படிக்காமல் கையெழுத்துப் போட்டு, பெண்டாட்டியையும் போட வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ்காரர் மேலோ சைக்கிள்காரர் மேலோ கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த ஆறு வாரமும் சமையல் என் பொறுப்பு. ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு, உலகத்தில் வேறு எங்கெல்லாம் எரிமலையில் சைக்கிள் விடுகிறார்கள், அவர்களுக்கு என்னவெல்லாம் ஆனது என்று படிக்க ஆரம்பித்தேன். வங்கிக்காரன் புத்தி, ஒரு கணக்கு வராமல் போனால் பழைய லெட்ஜரைப் புரட்டத் தோன்றும். அப்படிப் படித்ததில் எனக்கு ஒரு கட்சி உருவாகியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில், ஏன் எரிமலை? மற்ற மலைகள் ஏறி இறங்கி, மடங்கி மடங்கிப் போகும். கூம்பு மாதிரி தனியே எழும்பும் எரிமலையிலோ உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே இறக்கம் கிடைக்கும். இறக்கம் விற்பவர்களுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. ஆனால் இந்தச் சரக்கில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, பிரேக். என் பையன் போட்ட கணக்கு இது. சைக்கிளோடு சேர்த்து 95 கிலோ எடையுள்ள ஆள் ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளிப்படும் சக்தி ஒன்பது லட்சம் ஜூலுக்கு மேல். வீட்டுத் தண்ணீர் மூன்று லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. காற்றும் டயரும் வாங்கிக்கொண்டது போக மிச்சமெல்லாம் அந்தச் சின்ன பிரேக் கட்டைகளில்தான் இறங்கவேண்டும். நிறுத்தி நிறுத்திப் பிடிக்கத் தெரியாதவர்களுக்குக் கட்டையும் தாங்காது, விரலும் தாங்காது.

இரண்டு, தரை. எரிமலைத் தரையில் சாம்பலும் பொரிக்கல்லும் ஜாஸ்தி. இறுகாது. சக்கரத்துக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி உருளும். நிகரகுவாவில் செர்ரோ நெக்ரோ என்று ஒரு எரிமலை. 1850-ல்தான் பிறந்தது, அதாவது மலைகளில் கைக்குழந்தை. 2002-ல் எரிக் பரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதன் பொரிக்கல் சரிவில் மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினார். சைக்கிள் உடைந்து, உருண்டு, எலும்புகள் நொறுங்கியும் பிழைத்துக்கொண்டார். அவர் அதற்கென்றே உடம்பைத் தயார் செய்த மனுஷன், தனி உடை, தனி ஹெல்மெட். நாம் வாழைப்பழ அப்பம் சாப்பிட்டவர்கள்.

இந்த இறக்க வியாபாரத்தின் தலைநகரம் என்றால் ஹவாய்தான். அங்கே மாவி தீவில் ஹலேயகலா. 10,023 அடி. கடைசியாக வெடித்து 400 வருஷங்களுக்கு மேல் ஆகிறது. கடல் மட்டத்துப் பக்கத்திலிருந்து உச்சிவரை சுமார் 60 கிலோமீட்டரில் தார்ரோடு போகிறது. விடிகாலை மூன்று மணிக்கு வேனில் ஏற்றி, உச்சியில் சூரிய உதயம் காட்டி, சைக்கிளைக் கையில் கொடுத்துக் கடல் நோக்கி இறக்கிவிடுவார்கள். 1980-களில் ஆரம்பித்த வியாபாரம், அமோகமாக நடந்தது. கீழே விழுந்தவர்களும் வரிசையாக வந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் மூன்று சாவு. 2007 அக்டோபரில் தேசியப் பூங்கா நிர்வாகம் பூங்காவுக்குள் இந்தச் சைக்கிள் சுற்றுலாக்களை நிறுத்திவிட்டது. கம்பெனிகள் எல்லைக்கு வெளியே, சுமார் 6,500 அடி உயரத்திலிருந்து இறக்கத் தொடங்கின.

இதில் நான் இரண்டு முறை திரும்பிப் படித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தடை வியாபாரச் சுற்றுலாவுக்கு மட்டும்தான். சொந்தமாகச் சைக்கிள் கொண்டுவந்து ஓட்டுகிறவர்களுக்குக் கிடையாது. பத்தாயிரம் அடியையும் மிதித்தே ஏறி, மிதித்தே திரும்பும் ஆட்களும் அங்கே இருக்கிறார்கள். அதே ரோடு, அதே வளைவு, அதே பனிமூட்டம். நிர்வாகம் கதவைச் சாத்தியது சைக்கிளுக்கு இல்லை, கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக இறக்கிவிடும் வியாபாரத்துக்கு.

அடுத்தது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ். 1980 மே 18 அன்று வெடித்து 57 பேரைக் கொன்று, தன் தலையில் 400 மீட்டரை இழந்த மலை. அதன் கிழக்குச் சரிவில் ஏப் கேன்யன் என்றொரு பாதை இருக்கிறது. 1924-ல் அந்தப் பக்கம் தங்கியிருந்த சுரங்கக்காரர்கள் சிலர், மனிதக் குரங்குகள் ராத்திரியில் கல்லெறிந்து தாக்கியதாகச் சொன்ன கதையில் வந்த பெயர். இது தார்ரோடு இல்லை, ஒற்றையடிப் பாதை. சுமார் 9 கிலோமீட்டர். ஒரு பக்கம் 1980-ல் தப்பிப் பிழைத்த கிழட்டு மரங்கள், இன்னொரு பக்கம் வெடிப்பில் சேறு புரண்டு ஓடிய தடம். ஏறி முடித்தால் ஆபிரகாம் சமவெளி என்ற பொரிக்கல் பொட்டல்.

என் அக்கா மகன் போர்ட்லாந்தில் இருக்கிறான். அங்கே சைக்கிளில் போய்வந்தவன். "வேன் இல்லையாடா?" என்று கேட்டேன். சிரித்தான். "அங்க யாரு மாமா மேல கொண்டுபோய் விடுவா? ஏறினாத்தான் எறக்கம். ஏற ரெண்டரை மணி நேரம், எறங்க ஒரு மணி நேரம். ஏறுறப்பவே எங்க வேர் நீட்டிட்டிருக்கு, எங்க விளிம்பு சரிஞ்சிருக்குன்னு எல்லாம் கண்ணுல பட்டுடும் மாமா. எறங்கும்போது அது தெரிஞ்ச பாதை." மலைப்பாதையில் சைக்கிள் விடுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு என்றும் சொன்னான். எதிரெதிரே வந்தால் இறங்குகிறவன்தான் நின்று ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும்.

என் கட்சி இதுதான். எங்கள் தொழிலில் மார்ஜின் என்று ஒன்று உண்டு. நீங்கள் 100 ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்கக் கடன் கேட்டால் வங்கி 75 தரும், மிச்சம் 25 உங்கள் கையிலிருந்து வரவேண்டும். ஏன் முழுசாகத் தரக்கூடாது என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள். வங்கிக்குப் பணமில்லாமல் இல்லை. சொந்தக் காசு உள்ளே இருக்கிறவன் அந்த மெஷினைத் தினமும் தொட்டுப் பார்ப்பான். எண்ணெய் போடுவான். சத்தம் மாறினால் காது கேட்கும். முழுக்க அடுத்தவன் பணத்தில் வாங்கியவனுக்கு அந்தக் காது இருக்காது.

மலையில் ஏற்றம்தான் மார்ஜின். ஆயிரம் மீட்டர் இறக்கம் என்பது யாரோ ஒருவர் ஏறிச் சேர்த்த சொத்து. சொந்தக் காலால் ஏறியவன் தான் சேர்த்ததைச் செலவு செய்கிறான். வேனில் ஏறியவன் 100 சதவீதக் கடனில் இறங்குகிறான். திருப்பிக் கட்ட வேண்டிய இடம் பதினான்காவது கிலோமீட்டரா இருபதாவதா என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

பாதைக்கும் இதே நியாயம் பொருந்தும். மலைப்பாதை போடுகிறவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது: மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் பாதையின் சாய்வு இருக்கக்கூடாது, சராசரியாகப் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் செங்குத்தாகப் போனால் மழைத்தண்ணீர் பாதையையே ஓடையாக்கிக்கொண்டு ஓடும். சாம்பல் மண்ணில் இரண்டு மழைக்காலம் போதும், பாதை பள்ளமாகிவிடும். வேனில் ஏற்றி இறக்குவதற்கென்றே வெட்டும் பாதைக்கு யாரும் ஏறவேண்டிய அவசியமில்லை, நேர்க்குத்தாக வெட்டிவிடுகிற ஆசை வரும். ஆள் ஏறும்படி போட்ட பாதையோ வளைந்து வளைந்து, மழைத்தண்ணீருக்கும் வழிவிட்டுப் போகும். மனுஷன் ஏறக்கூடிய பாதைதான் மலையும் தாங்கக்கூடிய பாதை என்பது என் துணிபு.

இதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது வீட்டிலேயே எதிர்க்கட்சி கிளம்பியது. "அப்போ வயசானவங்க, முட்டிவலிக்காரங்க எல்லாம் எரிமலையே பார்க்கக்கூடாதாப்பா?" என்றான் பையன். நியாயமான கேள்வி. கிந்தாமணி விளிம்பிலிருந்து உபூது வரை அந்த இறக்கத்தை நம்பி எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன என்பதும் உண்மை. வேனை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்கும் எங்கள் தொழிலிலேயே ஒரு வழி இருக்கிறது. கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை மார்ஜினே கிடையாது. 25 ரூபாய் போட வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் படிக்கவேண்டுமே. அதற்குப் பதிலாக, பணத்தைப் பையன் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் கல்லூரிக்குத் தவணை தவணையாக நேரே அனுப்புவோம். வருஷா வருஷம் மார்க் பட்டியல் கேட்போம். மார்ஜின் குறைகிற இடத்தில் கண்காணிப்பு கூடவேண்டும். இதைத்தான் இறக்கம் விற்பவர்கள் செய்வதில்லை. ஏற்றத்தை எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் ஒன்றையும் வைக்கவில்லை. இரண்டு நிமிஷப் பாடமும் ஒரு கையெழுத்தும்தான்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு கிலோமீட்டராவது ஏற்றத்தில் மிதிக்க விடுங்கள். யாருக்குக் கியர் மாற்றத் தெரியவில்லை, யார் பிரேக்கை விடாமல் பிடிக்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். தெரியாதவர்களைப் பாதி வழியிலிருந்து இறக்குங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி விரலுக்கும் பிரேக்குக்கும் ஓய்வு கொடுங்கள். எங்களுக்கும் நிறுத்தினார்கள். பத்தாவது கிலோமீட்டரில், புனுகுப்பூனைக் காப்பி விற்பதற்காக.

இனி, தங்கமணி கதையின் மிச்சம். ஆறு வாரம் முடிந்து தூளியைக் கழற்றின அன்றைக்கு, சைக்கிள் பேச்சே இனி இந்த வீட்டில் இருக்காது என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "சிங்ககட் மேல சைக்கிள்ல போறாங்களே, நம்மளால முடியுமா?"

புனேவில் இருப்பவர்களுக்குச் சிங்ககட் தெரியும். சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் மலைக்கோட்டை. 1670-ல் தானாஜி மாலுசரே ராத்திரியில் செங்குத்துப் பாறை ஏறிப் பிடித்த கோட்டை, உடும்பில் கயிறு கட்டி ஏறினார்கள் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. அந்தப் பாறை எரிமலைப் பாறைதான். சகியாத்ரி மலையின் இந்தப் பகுதி முழுவதும் சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் பூமி வெடிப்புகளிலிருந்து அடுக்கடுக்காக வழிந்து இறுகிய லாவா. தக்காணப் பொறிப்பாறை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த டெக்கான் டிராப் இதுதான். டிராப் என்றால் பொறி என்று நினைத்துவிட்டார்கள் போல. ஸ்வீடன் மொழியில் டிராப்பா என்றால் படிக்கட்டு, அதிலிருந்து வந்த பெயர். மலையைத் தள்ளி நின்று பார்த்தால் படிப்படியாகத் தெரியும். கூம்பு இல்லை, நெருப்பு இல்லை. ஆனாலும் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் லாவா மேல்தான் ஏறுகிறோம்.

ஒரே நாளில் ஏறவில்லை. முதல் மாதம் கடக்வாசலா அணை வரை சமதரை. அப்புறம் மலையடிவாரம். அப்புறம் கால்வாசி ஏறித் திரும்புவது. முறிந்த தோளுக்குப் பயம் போகவே இரண்டு மாதம் ஆனது. அந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, கார்க் கூட்டம் வருவதற்கு முன், ஏறக்குறைய 9 கிலோமீட்டர் மலைரோட்டை இரண்டு மணி பத்து நிமிஷத்தில் ஏறினோம். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம், ஒளிக்க என்ன இருக்கிறது. மேலே பிட்லா, பாக்ரி, வெங்காயப் பஜ்ஜி, மண்சட்டித் தயிர். அந்தத் தயிரின் ருசியை எழுத எனக்குத் தமிழ் போதாது.

திரும்பும்போது அவளை முன்னால் விட்டு நான் பின்னால் வந்தேன். பாலியில் பின்னால் வராமல் போனேனே என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்தாள். பொடிமண் சரிந்து கிடந்த திருப்பத்தில் நான் கத்த வாயெடுப்பதற்குள் வேகத்தைக் குறைத்து, உள்பக்கம் ஒதுங்கிப் போய்விட்டாள். கீழே வந்ததும் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "ஏறும்போது அங்கதான மூச்சு வாங்கிட்டு ரெண்டு நிமிஷம் நின்னேன். அந்த மண்ணைத்தான் பார்த்துட்டு நின்னேன்" என்றாள்.

நான் மூணு பக்கத்துக்கு எழுதியதை அவள் மூணு வரியில் சொல்லிவிட்டாள்.

ஆக, மாப்ளே, நீ கேட்டதற்குப் பதில். பாலிக்குத் தாராளமாகப் போ. பாத்தூரைப் பார்க்காமல் வராதே. ஆனால் விளம்பரத்தில் இருக்கிற அந்த "மிதிக்கவே வேண்டாம்" பாக்கேஜ் வேண்டாம். கொஞ்சம் மிதிக்க விடுகிற ஆளாகத் தேடு, கேட்டால் ஏற்பாடு செய்கிறவர்கள் இருப்பார்கள். போவதற்கு முன் இரண்டு மாதம் வீட்டுப் பக்கத்தில் ஏதாவது ஒரு மேட்டில் எல்லோரும் ஏறி இறங்கிப் பழகுங்கள். கோயம்புத்தூரில் மேட்டுக்கா பஞ்சம்? இன்சூரன்ஸில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு. கையெழுத்துப் போடும் முன் காகிதத்தைப் படி. வாழைப்பழ அப்பம் எங்கேயும் ஓடிப்போகாது.

பி.கு.: பதிவைத் தங்கமணியிடம் காட்டினேன். "மாயவரத்துல ஏற்றமே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, ரயில்வே மேம்பாலம் என்னாச்சு?" என்றாள். திருத்திக்கொள்ளவும்.